கொய்யா ஜின்னுக்குப் பெயர் வைத்தவர்கள்

“அந்த டின்னைக் கீழ வைங்க அண்ணே. வைங்கன்னு சொல்றேன்ல.”

கலாதேவியின் வலது கை எலுமிச்சைத் தோலைச் சீவிக்கொண்டிருக்கிறது. இடது கை மேசையைத் தாண்டி நீண்டு, எதிரே இருப்பவர் திறக்கப்போன இனிப்புச் சோடா டின்னின் மேல் மூடிபோலக் கவிழ்ந்திருக்கிறது. அவர் பாகான் செராயிலிருந்து ஏதோ நிலப் பத்திர வேலையாக ஈப்போவுக்கு வந்தவர். முன்னால் ஒரு கிளாஸ் ஸ்ட்ராபெரி ஜின். என் காசு, என் டின், என் வாய் என்று அவர் ஏதோ முணுமுணுக்கிறார்.

“வாய் உங்களோடதுதான் அண்ணே. கிளாஸ் என்னோடது. இது ஏற்கெனவே மானிஸ் லா! பாயாசத்துல சீனி கொட்டியா குடிப்பீங்க?”

டின் மேசையிலிருந்து மறைகிறது. கிளாஸ் நிறைய ஐஸ் விழுகிறது. பாதி எலுமிச்சை பிழியப்படுகிறது, மிளகு இரண்டு சுற்று அரைபடுகிறது, வெறும் சோடா மெதுவாக இறங்குகிறது. சீவிய தோலை விரல்களுக்கு இடையில் முறுக்கி, அதன் எண்ணெய் கிளாஸின் மேல் தெறிக்கும்படி பிழிந்துவிட்டுத் தள்ளி வைக்கிறார். அந்த மனிதர் ஒரு வாய் குடிக்கிறார். பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. இருபது நிமிடம் கழித்து இன்னொன்று கேட்கிறார். இரண்டாவது கிளாஸைக் கேட்பதைத் தவிர வேறு எந்தப் பாராட்டையும் கலாதேவி நம்புவதில்லை.

ஈப்போ பழைய நகரத்தில், முன்பு சைக்கிள் கடையாக இருந்த இரண்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம் அந்த பார். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் திறந்துவிடும். கலாதேவிக்கு வயது நாற்பத்தொன்பது. கறுப்புச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. பவுடர் கிடையாது, செண்ட் கிடையாது, தலையில் பூ கிடையாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், வைத்த மல்லிகையைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவார். வேலை முடிந்து போகும்போதுதான் அது மறுபடி தலைக்கு ஏறும். கேட்டால், “மூக்குதான் லா என் சோறு. மல்லி வந்து குறுக்க நின்னா கொய்யா எங்க போகும்?” என்பார். தன் கத்தியைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போய், திரும்பக் கொண்டுவருகிறார். இன்னொருவர் தொட்ட கத்தியில் வெங்காயம் மணக்குமாம்.

பழ ஜின் விஷயத்தில் அவருக்குக் கோபம் வர அதிகம் தேவையில்லை. பழ ஜின் என்றாலே கலரும் சீனியும் கலந்த பெண்கள் சமாச்சாரம் என்று நினைக்கிற ஆண்கள் மேல் கோபம். அவர்கள் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரை முன்னால் வைத்துக்கொண்டு மனைவியின் கிளாஸிலிருந்து திருட்டு வாய் குடிப்பதை அவர் தினமும் பார்க்கிறார். ஐஸ் நிறையப் போட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்கு வருகிறவர்கள் மேல் கோபம். “நாலு கட்டி போட்டா நாலு நிமிஷத்துல தண்ணி. கிளாஸ் ரொம்பப் போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கரையாம நிக்கும். யாரு ஏமாத்துறா இங்க?” எந்த ஜின்னாக இருந்தாலும் முதலில் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு, அப்படியே நக்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். பழத்தோலைப் போட்டு வடித்த ஜின் நாக்கில் காய்ந்து நிற்கும், அதற்குக் கசப்பான டானிக் தண்ணீர் சேரும். சீனி சேர்த்த ஜின் விரலில் ஒட்டும், அதற்குப் புளிப்பும் உப்பும் வெறும் சோடாவும் போதும். ஒரே பழத்தின் மேல் அதே பழத்தின் சாற்றை ஊற்றுவது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. தம்பூன் பம்பளிமாசு போட்ட ஜின்னுக்கு லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸில் போடுகிற அந்த இளஞ்சிவப்புப் புங்கா காந்தான் பூவில் ஒரு இதழை நறுக்கிப் போடுவார். “பழத்துக்குப் பக்கத்துல அதோட அக்கா தங்கச்சியை உக்கார வைக்கக் கூடாது. பேசிக்கிட்டு இருக்க வேற ஆளு வேணும்.”

அவர் பிறந்தது பீடோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அம்மா செல்லாயி இருபத்தெட்டு வருஷம் அங்கே மரம் வெட்டினார், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். கலாதேவிக்கு இருபது வயதாகும்போது தோட்டம் கைமாறியது, ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்தார்கள். ஜெலாப்பாங் அடுக்குமாடிக்கு வந்து, அங்கேயே ஒரு மின்னணுச் சாமான் ஃபேக்டரியில் பதினேழு வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி ஒட்டினார். கண் போகப் பார்த்தது. கிளாஸ் கழுவுகிற வேலைக்குத்தான் இந்த பாருக்கு வந்தார்.

கடைக்காரர் லியோங், அறுபது வயதுக்காரர். கொரோனா காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. துரியானை மூக்கருகே பிடித்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. கடை மறுபடி திறந்த நாளில் அவர் கலந்த முதல் கிளாஸை எடுத்து மோந்து பார்த்த கலாதேவி, கழுவுத் தொட்டியில் கொட்டிவிட்டு, வேறு ஒன்று கலந்து அந்த இடத்தில் வைத்தார். அன்றிலிருந்து மேசைக்குப் பின்னால் அவர்தான்.

சொந்தக்காரர்களுக்கு அந்த வேலை ஒரு முள். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் ஒன்றுவிட்ட அக்கா புனிதா காதோடு சொன்னாள்: “யாராச்சும் கேட்டா கடையில வேலைன்னு சொல்லேன் லா. பார்னு சொல்லணுமா?” பந்தியில் நான்கு பேர் திரும்பிப் பார்க்கும் குரலில் கலாதேவி பதில் சொன்னார். “தோட்டத்துல சம்சு, கள்ளச்சாராயம் குடிச்சுச் செத்தவனையெல்லாம் ‘நெஞ்சு வலி’ன்னு சொல்லியே பொதைச்சோம். நான் அளந்து ஊத்துறேன், வெளிச்சத்துல ஊத்துறேன். எதுக்கு மறைக்கணும்?” அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சாம்பார் வரவே இல்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் தனேஷ் வந்தான்.

முப்பது வயது, பெட்டாலிங் ஜெயாக்காரன், நல்ல உயரம், பணிவான பேச்சு. புதிதாக ஜின் வடிக்கும் ஒரு கம்பெனிக்கு விற்பனை ஆள். லேபிள் ஒட்டாத மூன்று போத்தல்களை மேசையில் வைத்து, “அக்கா, பீடோர் கொய்யா. நீங்கதான் சொல்லணும்” என்றான்.

புறங்கையில் ஒரு சொட்டு. கலாதேவி கண்ணை மூடினார். தோலின் பச்சை வாசம் முதலில் வந்தது, பிறகு சதையின் மணம், கடைசியில் விதைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த லேசான துவர்ப்பு. சீனி மிகக் குறைவு. யாரோ பழத்தை மதித்து வடித்திருக்கிறார்கள்.

“நல்லாருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் எளிதில் வராது என்பது தனேஷுக்குத் தெரியாது. லியோங் நிமிர்ந்து பார்த்தார்.

மூன்று வாரம் அந்த ஜின்னோடு மல்லுக்கட்டினார். டானிக்கில் அது கசந்தது. புதினா அதை மிதித்தது. கடைசியில் லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சையின் சாறும், அசாம்போய் என்கிற அந்தப் புளிப்பு உப்புப் பழத்தை இடித்த தூளும், கொஞ்சம் கல்லுப்பும். தூளைக் கிளாஸின் விளிம்பில் பாதிக்கு மட்டும் தடவினார். வேண்டுகிறவர் உப்புப் பக்கம் குடிக்கலாம், வேண்டாதவர் மறுபக்கம். தனேஷ் ஒரு வாய் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

“அக்கா, இந்த உப்பு ஐடியா எங்கிருந்து வந்துச்சு?”

யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. சொன்னார். மத்தியானம் மரம் வெட்டிவிட்டு வருகிற அம்மா, முகம் கழுவுவதற்கு முன்னால், லயத்துக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தில் ஒரு காயைப் பறித்து உப்பில் தோய்த்துத் தின்பதைச் சொன்னார். வேர்த்து வேர்த்து உடம்பிலிருந்து உப்பெல்லாம் போய்விடும், அதனால் உடம்பே உப்புக் கேட்கும் என்று அம்மா சொல்வதையும் சொன்னார். தனேஷ் கன்னத்தில் கை வைத்துக் கேட்டான். நடுவில் போனை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டான். கவனமாகக் கேட்கிற பிள்ளை என்று கலாதேவி நினைத்தார்.

அறிமுக விழா சனிக்கிழமை நான்கு மணிக்கு என்று முடிவானது. வியாழக்கிழமை பெட்டிகள் வந்தன.

முதல் பெட்டியில் போத்தல்கள். லேபிளில் ‘டேப்பர் கேர்ள்’, பால் வெட்டுகிற பெண், என்று வளைந்து வளைந்து எழுதியிருந்தது. கீழே ஒரு பெண்ணின் படம். மூக்குத்தி, இடுப்பு தெரியக் கட்டிய சேலை, தோளில் சரிந்த ரவிக்கை, நெற்றியில் விளக்கு, கையில் பால் வெட்டும் கத்தி, உதட்டில் பெரிய சிரிப்பு. இரண்டாவது பெட்டியில் ஒரு தலைத்துண்டு, கட்டம் போட்ட கைலி, நெற்றியில் மாட்டும் விளக்கு. கலாதேவியின் அளவு. மூன்றாவது பெட்டியில் அறுபது மெனு அட்டைகள். பம்பளிமாசு, லிச்சி, ஸ்ட்ராபெரி எல்லாம் தாண்டி, நடுவில், பெரிய எழுத்தில், அவருடைய கொய்யாவும் கஸ்தூரியும் அசாம்போய் உப்பும். அதற்கு மேலே அதன் பெயர்: ‘ஸ்வெட்டி கூலி’. வேர்வை வடிகிற கூலி. அடியில் சின்ன எழுத்தில், ‘அவள் வியர்வையின் உப்பு, உங்கள் உதட்டில்’.

அவருக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிக்க வரும். மூன்று தடவை வாசித்தார். மூன்றாவது தடவை காது இரண்டும் சூடாகிவிட்டது. தான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். தன் வாயாலேயே தன் அம்மாவைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

போன் போட்டார்.

“அக்கா! வந்துருச்சா? எப்படி இருக்கு?”

“கூலின்னு போட்டிருக்கே தம்பி.”

“ஆமாக்கா, அதான் பன்ச். வெள்ளைக்காரன் நம்மள அப்படித்தான கூப்பிட்டான்? இப்ப நாமே அதை எடுத்துப் பெருமையா சொல்றோம். நம்ம ஹெரிடேஜ் இது.”

“யாரு தம்பி நாம? உங்கப்பாவுக்கு என்ன வேல?”

“டாக்டர்.”

“தாத்தா?”

“ஸ்கூல் ஹெட்மாஸ்டரா இருந்தாரு.”

“அப்ப பெருமையை அங்கேருந்து ஆரம்பிங்க. ‘ஸ்வெட்டி டாக்டர்’னு ஒண்ணு வைங்க. நானே கலந்து தாரேன்.”

“அக்கா, நீங்க தப்பா எடுத்துக்கிறீங்க...”

“கூலின்னா எங்கம்மா மாசக் கடைசியில வாங்குன காசு. எங்கம்மா கூலி இல்ல. எங்கம்மாவுக்குச் செல்லாயின்னு பேரு இருக்கு.”

அச்சடித்தாகிவிட்டது, கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், சனிக்கிழமை மட்டும் எப்படியாவது சமாளியுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றான் தனேஷ். அந்தப் பணிவான குரலில்தான் எல்லாவற்றையும் சொன்னான். அது அவரை இன்னும் எரித்தது.

அன்று சாயங்காலம் ஒரு போத்தலை வீட்டுக்கு எடுத்துப்போனார். செல்லாயிக்கு எழுபத்துமூன்று வயது. இடுப்பு வலிதான் தோட்டம் அவருக்குக் கொடுத்தனுப்பிய ஒரே பென்ஷன். போத்தலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“யாருடி இவ?”

“மரம் வெட்டுறவளாம்.”

“கத்தியைத் தப்பா புடிச்சிருக்கா. இப்படிப் புடிச்சா மரம் எங்க வெட்டுறது, வெரலுதான் போகும்.” இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். “ரவிக்கையைப் பாரு. கொசு தூக்கிட்டுப் போயிருக்கும் இவள. நாங்க உங்கப்பன் பழைய சட்டையைப் போட்டு, முக்காடு போட்டு, இடுப்புல கொசுவத்தி கட்டிக்கிட்டுப் போவோம். கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியும்.” நகத்தால் அந்தச் சிரிப்பைத் தட்டினார். “விடியாத நேரத்துல பெரட்டு வரிசையில நிக்கிறவளுக்கு எதுக்குடி இவ்ளோ சிரிப்பு? கணக்கெழுதுற கிராணி பேரு கூப்பிட்டு ஆளு இல்லைன்னா அன்னிக்குச் சம்பளம் போச்சு. அந்த நேரத்துல எவ சிரிச்சா?”

பிறகு மெனு அட்டையை எடுத்தார். அதையும் கலாதேவி கொண்டுபோயிருந்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

“இதுல பெருசா என்ன எழுதியிருக்கு?”

செல்லாயிக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்தின் மேல் விரலை வைத்தபடி மகளைப் பார்த்தார். கலாதேவி வாயைத் திறந்தார். யாரிடமும் எதையும் மறைக்கத் தெரியாத அந்த வாய், கல்யாணப் பந்தியில் சம்சுவைப் பற்றிப் பேசிய வாய், ஒரு நிமிஷம் அப்படியே நின்றது.

“கொய்யான்னு எழுதியிருக்கும்மா.”

“இவ்ளோ நீளமா?”

“ஆமா.”

அன்று ராத்திரி கலாதேவி சாப்பிடவில்லை. பெயர் வைத்தது ஒரு பக்கம். அந்தப் பெயருக்காகத் தன் அம்மாவிடம் தன்னைப் பொய் சொல்ல வைத்ததுதான் அவரால் விழுங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் லியோங்கிடம் போனார். இருவரும் பேசிக்கொள்வது மலாயில். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

“போஸ், இந்தப் பேரு வேணாம்.”

“பேருதானே தேவி. ரெண்டு மாசத்துல எவனுக்கும் ஞாபகம் இருக்காது. விழாவுக்கு அவங்கதான் செலவு பண்றாங்க.”

“உங்கம்மா கம்பார் பக்கம் ஆத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு, டூலாங் தட்டுல ஈயம் அரிச்சாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. குனிஞ்சு நிக்கிற அந்தம்மா படத்தைப் போட்டு, சட்டையையும் நனைச்சு விட்டு, ‘ஈரக் கூலி’ன்னு ஒரு லிச்சி ஜின் வந்தா இங்க அடுக்குவீங்களா?”

லியோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

“சனிக்கிழமை வேலைக்கு வருவியா, மாட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

“வருவேன். அந்த வேஷம் போட மாட்டேன். அந்தப் பேரைக் கேட்டா ஊத்த மாட்டேன். பழத்தைக் கேட்டா ஊத்துவேன். புடிக்கலைன்னா இப்பவே சொல்லுங்க.”

லியோங் கணக்கு நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். வேலையும் போகவில்லை, ஆதரவும் கிடைக்கவில்லை. சம்பளத்தை நம்பி இருக்கிற வீட்டில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது எப்படி என்று கேட்டால், “வெறுங்கால்ல தார் ரோட்டுல நிக்கிற மாதிரி லா” என்கிறார் கலாதேவி.

சனிக்கிழமை ஒரு மணிக்கே வந்து, கறுப்பு மார்க்கர் பேனாவோடு உட்கார்ந்தார். அறுபது அட்டைகள். ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு சொற்களின் மேலும், அடியில் இருந்த வியர்வை வரியின் மேலும் கோடு. ஒரு கோட்டில் எழுத்து மறையவில்லை, அதனால் மூன்று கோடு. முப்பத்தேழாவது அட்டையில் இருக்கும்போது தனேஷ் உள்ளே வந்தான்.

“அக்கா! என்ன பண்றீங்க? இது கம்பெனி ப்ராப்பர்ட்டி!”

“உப்பு யாரு ப்ராப்பர்ட்டி தம்பி?”

அவன் மீதி இருபத்துமூன்று அட்டைகளைப் பிடுங்கி மேசைகளில் பரப்பினான். நான்கு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். ஹோட்டல்காரர்கள், சாப்பாட்டைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள், சும்மா வந்தவர்கள் என்று ஒரு நாற்பது பேர். கலாதேவி பம்பளிமாசு கலந்தார், லிச்சி கலந்தார், கை நிற்கவில்லை. அகலத் தொப்பி போட்ட ஒரு பெண் கோடு விழாத அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“ஒன் ஸ்வெட்டி கூலி, ப்ளீஸ்!”

“அப்படி யாரும் இங்க வேலை செய்யல” என்றார் கலாதேவி, நல்ல ஆங்கிலத்தில். காலையிலிருந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகியிருந்தார்.

அந்தப் பெண் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். தனேஷ் பாய்ந்து வந்தான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மேசைக்குப் பின்னால் நுழைந்து, தானே கலக்க ஆரம்பித்தான். கலாதேவி விலகி நின்று கையைக் கட்டிக்கொண்டார். அளவு அவன் குறித்து வைத்திருந்த போனில் இல்லை, அது அவர் நாக்கில் இருந்தது. அசாம்போய்த் தூள் ரொம்பப் புளிக்கும் என்று பயந்து சீனிப்பாகு ஊற்றினான். அழகுக்காகக் கொய்யாச் சாறு ஊற்றினான். ஐஸ் நாலு கட்டி. விளிம்பு முழுக்க உப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் படம் எடுத்தார்கள். ஒரு வாய் குடித்தார்கள். பிறகு ஜன்னல் ஓரத்தில், படிக்கட்டில், பூச்சட்டிக்குப் பக்கத்தில் என்று கிளாஸ்கள் நிரம்பியபடியே நிற்க ஆரம்பித்தன. கலாதேவி எண்ணவில்லை. ஆனால் ஒருவர்கூட இரண்டாவது கேட்டு வரவில்லை என்பது தெரிந்தது.

லியோங் எழுந்து ஜன்னல் பக்கம் நடந்தார். ஒரு கிளாஸை எடுத்துக் குடித்தார். மணம்தான் அவருக்குத் தெரியாது, நாக்கு பிழைத்திருந்தது.

“மானிஸ்” என்றார். இனிப்பு என்கிற அந்த ஒரே சொல்.

பிறகு மேசைக்கு வந்து, கலாதேவியின் சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்துக்கொண்டு, விருந்தாளிகள் நடுவில் ஒவ்வொரு மேசையாகப் போய், கோடு விழாத அட்டைகளைக் கேட்டு வாங்கிக் குனிந்து கோடு போட்டார். தன் அம்மாவை நினைத்துப் போட்டாரா, நிரம்பி நின்ற கிளாஸ்களைப் பார்த்துப் போட்டாரா என்று கலாதேவி இன்றுவரை கேட்கவில்லை. அந்தப் பதில் எதுவாக இருந்தாலும் தனக்குக் கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

தனேஷ் வேர்த்துப்போய் நின்றான். “சரிக்கா, உங்க பேரையே வச்சிடலாம். ‘கலாதேவி’. ஓகேவா?”

“எம் பேரை எவனும் குடிக்க வேணாம். பழத்துக்குப் பேரு இருக்குல்ல? அது போதும். தள்ளு.”

தள்ளி நின்றான். கலாதேவியே கலக்க ஆரம்பித்தார். அன்று இருட்டுவதற்குள் கொய்யா ஜின் ஒன்பது போத்தல் காலியானது. அகலத் தொப்பிப் பெண் மூன்று கிளாஸ் குடித்தாள், உப்புப் பக்கம் மட்டும்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. கோலாலம்பூரில் அந்த லேபிள் அப்படியே விற்கிறது. அங்கே விழாவில் அந்தக் கைலியையும் விளக்கையும் மாட்டிக்கொண்டு நிற்க ஒரு பெண் கிடைத்துவிட்டாள். படம் வந்தது. “உங்க கருத்தை மதிக்கிறோம் அக்கா” என்று தனேஷ் செய்தி அனுப்பினான். கலாதேவி கடையில் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார். “மதிக்கிறானாம். மதிச்சுக்கிட்டே விக்கிறான்.” கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத லியோங்கின் மகளைப் பிடித்தார். இரண்டு கடிதம் போயிருக்கிறது. மூன்றாவது எழுதிக்கொண்டிருக்கிறார்கள். “பதில் வர்ற வரைக்கும் எழுதுவேன். எனக்கு என்ன, ஸ்டாம்பா தீர்ந்துபோகுது?” மின்னஞ்சலுக்கு ஸ்டாம்பு வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும்.

ஜின்னை மட்டும் அவர் விடவில்லை. “வடிச்சவன் நல்லாத்தான் வடிச்சிருக்கான். பழம் என்ன பாவம் பண்ணுச்சு?” புதுப் பெட்டி வந்தால் போத்தல்களை வெந்நீரில் ஊறவைத்து, லேபிளை உரித்துவிட்டுத்தான் அலமாரியில் ஏற்றுகிறார். சிரிக்கிற பெண் தொட்டிக்குள் துண்டு துண்டாகப் போகிறாள்.

திங்கட்கிழமை அவருக்கு விடுமுறை. ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அடுக்குமாடி நடையில் இரண்டு நாற்காலி போட்டு, அம்மாவுக்கு ஒரு சின்ன கிளாஸ் கலந்து கொடுத்தார். செல்லாயி மோந்து பார்த்து, முகம் சுளித்து, ஒரு மடக்கு குடித்தார். கீழே கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு மடக்கு.

“மருந்தாட்டம் இருக்கும்னு நெனச்சேன். பரவால்ல. உப்பு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம். இதுக்குப் பேரு என்னன்னு சொன்ன?”

“கொய்யாம்மா.”

இந்த முறை அது உண்மை.

ஆனாலும் படங்கள் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்கிற நேரத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு இளைஞர் கூட்டம். அதில் ஒருவன் போனைத் திருப்பிக் காட்டினான். நல்ல பையன்தான், முகத்தில் ஒரு கெட்டதும் இல்லை.

“ஆன்ட்டி, ஒரு ஸ்வெட்டி கூலி.”

கலாதேவி வேலையை நிறுத்தினார். போனைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்து, மேசையின் மேல் முன்னால் குனிந்தார்.

அவன் குரலை உயர்த்திச் சொன்னான். கை காதிலேயே இருந்தது. மூன்றாவது தடவை, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னான். அந்த இரண்டு சொற்களும் கடை முழுக்கக் கேட்டன, அவன் காதிலும் விழுந்தன. அவன் தலையைத் தூக்கி, சுவரில் பழங்களின் பெயர்கள் மட்டும் எழுதியிருந்த பலகையைப் பார்த்தான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

“கொய்யா ஒண்ணு” என்றான் மெதுவாக.

கலாதேவி காதிலிருந்து கையை எடுத்து, கிளாஸ் நிறைய ஐஸ் அள்ளிப் போட்டார்.